பம்பரை மாற்றலாம், அதன் பின்னால் இருப்பதைத் தொடாதீர்கள்

பம்பர் என்றால் பெரும்பாலானவர்களுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்தான். நம்பர் பிளேட் மாட்டியிருக்கும், இரண்டு ஓரத்திலும் பாக் லேம்ப் இருக்கும், நெரிசலில் யாராவது உரசினால் கோடு விழும். அதனால் மாற்றும்போதும் அந்தப் பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டுமே யோசிக்கிறோம்: நிறம் சரியாக வந்திருக்கிறதா, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா, விலை எவ்வளவு. ஆனால் வண்டி எதன் மீதாவது மோதும்போது உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகிற வேலையில் அந்தப் பிளாஸ்டிக்கின் பங்கு ரொம்பச் சின்னது. அதைக் கழற்றி வேறு கம்பெனியின் பம்பரை மாட்டுவதால் மட்டும் பாதுகாப்பு போய்விடாது. மாட்டும்போது அதன் பின்னால் என்ன செய்கிறார்கள், அதன் முன்னால் என்ன சேர்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டறையில் பம்பரைக் கழற்றும்போது ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கர வளைவுக்குள் சில ஸ்க்ரூ, மேலே கிரில் ஓரமாக வரிசையாகக் கிளிப், அடியில் சில போல்ட், இவ்வளவையும் எடுத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் படபடவென்று கிளிப் விட்டு மொத்தப் பிளாஸ்டிக்கும் கையோடு வந்துவிடும். ஒருவரே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம், அவ்வளவு லேசு. அது வெறும் தோல். பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக், காற்றை ஒழுங்காக ஓடவைக்கவும் பார்வைக்கு நன்றாக இருக்கவும் போட்டது.

அதை எடுத்தபின் பல வண்டிகளில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு நீளமான நுரைக்கட்டை தெரியும். பட்டறையில் தெர்மாகோல் என்பார்கள், உதிரிபாகக் கடையில் அப்சார்பர் என்று கேட்டால் புரியும். அதற்குப் பின்னால் வண்டியின் அகலத்துக்குக் குறுக்கே ஒரு இரும்பு அல்லது அலுமினிய பீம். உண்மையான பம்பர் என்று சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். இந்த பீமின் இரண்டு முனையிலும் கைக்கு அடக்கமான ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், பக்கவாட்டில் வேண்டுமென்றே மடிப்புப் பள்ளங்கள் போட்டிருப்பார்கள். கிராஷ் பாக்ஸ் என்பது இதுதான். மோதும்போது எந்த இடத்தில் மடிய வேண்டும், எந்த வரிசையில் மடிய வேண்டும் என்பதை அந்தப் பள்ளங்கள் தீர்மானிக்கின்றன. அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால்தான் எஞ்சினுக்கு இருபுறமும் பின்னோக்கி ஓடுகிற சேசிஸ் கால்கள் தொடங்குகின்றன. அவையும் பெரிய மோதலில் மடியும்படிதான் வடிவமைக்கப்பட்டவை.

ஆக முன்பக்கம் முழுவதும் நசுங்குவதற்காகவே கட்டியது. இது புரியாததால்தான் "இந்தக் காலத்து வண்டியெல்லாம் தகரம், அந்தக் காலத்து வண்டி எவ்வளவு கெட்டி" என்ற பேச்சு வருகிறது. கட்டட வேலையில் கீழே நிற்பவர் செங்கல்லை வீச, மேலே நிற்பவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் கையில் பட்டதும் கை கல்லோடு சேர்ந்து கொஞ்ச தூரம் பின்னால் போகும். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு பிடித்தால் விரல் போய்விடும். கல்லின் வேகம் அதேதான், அது நிற்பதற்குக் கொடுத்த தூரம்தான் வேறு.

கணக்காகவே பார்த்துவிடுவோம். நம் நாட்டில் புதிய கார்களுக்கான கட்டாய முன்மோதல் சோதனை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. அந்த வேகத்தில் போகிற வண்டி, முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்றால் உள்ளே இருப்பவர் மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசை வரும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 1400 கிலோ பாரத்துக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்று அர்த்தம். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் ஒழுங்காக வேலை செய்தால் மனித உடல் இதைத் தாங்கிப் பிழைக்க முடியும். இதே வண்டி 30 செ.மீ. மட்டும் நசுங்கி நின்றால்? விசை இரட்டிப்பாகி 40 மடங்கு. வண்டி பார்க்கக் கம்மியாக அடிபட்டிருக்கும், ஆனால் உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் போன அடி இரண்டு பங்கு. இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் போதும், பம்பர் விஷயத்தில் மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

நசுங்குகிற முன்பக்கம் என்ற யோசனைக்கு பெலா பாரெனி என்ற பொறியாளர் 1952லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், மெர்சிடஸ் 1959ல் அதைத் தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. அதே 1959ஆம் ஆண்டு வந்த ஒரு ஷெவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டு ஷெவர்லே மாலிபு காரையும் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ். 2009ல் நேருக்கு நேர் மோதவிட்டுப் படமெடுத்தது. இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். பெரிய, கனமான, 'கெட்டியான' அந்தப் பழைய வண்டியில் ஓட்டுநர் உட்காரும் இடமே சுருங்கிப் போகிறது. புதிய வண்டியில் எஞ்சின் பக்கம் நொறுங்கிவிடுகிறது, உள்ளே உட்காரும் இடம் அப்படியே நிற்கிறது.

இப்போது நம் ஊரில் அதிகம் நடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். புது வண்டி எடுத்த கையோடு அக்சஸரி கடைக்குப் போய் முன்னாலும் பின்னாலும் இரும்புக் குழாயில் ஒரு கார்டு மாட்டுவது. புல் பார், கிராஷ் கார்டு, பம்பர் கார்டு என்று பல பெயர். மாட்டுகிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது யாராவது இடித்துவிட்டுப் போவார்கள், ஊருக்குப் போகும்போது நாயோ மாடோ குறுக்கே வரும், ஒவ்வொரு தடவையும் பம்பருக்குச் செலவு செய்ய முடியுமா என்பது நியாயமான கவலை. ஆனால் அந்தக் கார்டை எங்கே முடுக்குகிறார்கள் என்று குனிந்து பாருங்கள். நுரையையும் பீமையும் கிராஷ் பாக்ஸையும் தாண்டி, பெரும்பாலும் நேராக சேசிஸ் காலில் பிராக்கெட் வைத்து முடுக்கியிருப்பார்கள். அதாவது அடி வாங்கி மடிவதற்காக வைத்த மூன்று அடுக்கையும் ஒதுக்கிவிட்டு அடி நேராகப் பின்னால் போவதற்கு ஒரு குறுக்கு வழி போட்டாயிற்று.

சின்ன இடியில் இது லாபம் போலத் தெரியும். பிளாஸ்டிக்கில் கீறல் இருக்காது. ஆனால் கிராஷ் பாக்ஸ் என்பதை வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணமே, குறைந்த வேகத்து மோதலில் அது மட்டும் நசுங்கி சேசிஸ் கால் தப்பிக்க வேண்டும் என்பதுதான். காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கின்றன. போல்ட் கழற்றி மாற்றக்கூடிய பெட்டி நசுங்குவது ஒரு செலவு, சேசிஸ் கால் வளைந்து, அதை இழுத்து நிமிர்த்தும் மேடையில் வண்டியை ஏற்றுவது வேறு செலவு. கார்டு மாட்டினால் முதல் செலவைத் தவிர்க்கப் போய் இரண்டாவதை வாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

மாடு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் நிறைய விற்கிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் மாட்டின் மீது மோதினால் கார் பம்பர் இருக்கும் உயரத்தில் மாட்டின் கால்தான் இருக்கும். கால் தட்டிவிடப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள உடம்பு பானெட் மீது ஏறி முன்கண்ணாடிக்கு வரும். கீழே மாட்டிய குழாய் அதை எப்படித் தடுக்கும்?

அடுத்து ஏர்பேக். 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், 2021 டிசம்பர் முடிவதற்குள் முன்சீட் பயணிக்கும் என்று எல்லாப் புதிய கார்களிலும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. ஏர்பேக் விரிய வேண்டுமா, எப்போது விரிய வேண்டும் என்பதை நடுவில் கியர் லீவருக்குப் பக்கத்தில் அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கணினி முடிவு செய்கிறது. பல வண்டிகளில் முன்னால் ரேடியேட்டர் சட்டத்திலோ சேசிஸ் கால் முனையிலோ ஒன்றிரண்டு சென்சாரும் இருக்கும். வண்டியின் வேகம் எவ்வளவு சீக்கிரம், எந்த மாதிரிக் குறைகிறது என்பதைப் பார்த்து, ஒரு நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் இந்த முடிவை எடுத்தாக வேண்டும். இது சாதாரணப் பள்ளத்தில் விழுந்த குலுக்கலா உண்மையான மோதலா என்று அந்தக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தது, அதே பீம், அதே கிராஷ் பாக்ஸோடு தயாரிப்பாளர் நடத்திய சோதனைகளின் அடிப்படையில். முன்னால் விறைப்பான ஒரு இரும்பைச் சேர்த்தால் அந்தக் குறைகிற விதம் மாறிவிடும். தேவையில்லாத சின்ன இடிக்கு ஏர்பேக் விரியலாம், அல்லது தேவையான நேரத்தில் தாமதமாகலாம். கார்டு மாட்டிய எல்லா வண்டியிலும் ஏர்பேக் விரியாது என்று சொல்வது மிகைப்படுத்தல், அதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் வண்டியில் அந்தக் கார்டோடு யாரும் மோதிப் பார்க்கவில்லை, அதனால் என்ன நடக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

இன்னொருவரும் இருக்கிறார்: சாலையில் நடந்து போகிறவர். அந்த நுரைக்கட்டை பாதி அவருக்காகவும்தான் வைத்தது. முழங்காலில் வருகிற அடி அகலமாகப் பரவி, கொஞ்சம் அமுங்கி வர வேண்டும் என்பதற்காக. குழாய் மாட்டினால் மொத்த அடியும் ஒரு ஒடுக்கமான இரும்பில் குவிகிறது. உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளில் மேல்குழாய் வருகிற உயரம் ஒரு குழந்தையின் நெஞ்சோ தலையோ இருக்கும் உயரம். அதனால்தான் ஐரோப்பாவில் 2005லேயே இதற்கெனத் தனி விதி கொண்டுவந்து, பாதசாரி சோதனையில் தேறாத விறைப்பான இரும்புக் கார்டுகளுக்குக் கதவை மூடினார்கள். நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் 2017 டிசம்பரில் இந்தக் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. சென்னை உயர் நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிசெய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது, ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது.

அப்படியென்றால் கெட்டியான வெளி பம்பர் என்றாலே ஆபத்தா? இல்லை, ஒழுங்காகச் செய்தால் முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். அங்கே கங்காரு பிரச்சினை நிஜம், ஊர்ப்புறத்தில் புல் பார் சாதாரணம். ஆனால் அங்கே பம்பரை மாட்டியபின்னும் வண்டி முதலில் தேறிய அதே பாதுகாப்பு விதிகளில் தேற வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாக வடிவமைத்து, மாட்டுகிற பிராக்கெட்டையே மடிகிற மாதிரி செய்து, ஏர்பேக்குக்கு இசைவானது என்று சோதித்து விற்கிறார்கள். மஹிந்திரா தார் மாதிரி வண்டிகளுக்கு நம் ஊரில் கிடைக்கிற, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) மாட்டும் இரும்பு பம்பர்களைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே கிடைக்கிறது: பிராக்கெட் மடியுமா, எந்த மாடல் எந்த வருட வண்டியில் சோதித்தீர்கள், காகிதம் இருக்கிறதா? "நல்ல கேஜ் சார், லாரி ஏறினாலும் ஒன்றும் ஆகாது" என்பது பதிலாக வந்தால், ஒன்றும் ஆகாத இரும்பு அடியை உங்களிடம் அனுப்பும் என்பதை நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இனி சாதாரண ஆட்களுக்கு வருவோம். விபத்தில் பம்பர் உடைந்துவிட்டது, ஒரிஜினல் விலை அதிகம், சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பாதி விலைக்கு வேறு கம்பெனி பம்பர் கிடைக்கிறது. இதற்குக் காப்பீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது: பிளாஸ்டிக் பாகத்துக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இல்லாதவர் கையிலிருந்து பாதி கொடுக்க வேண்டும். அதே வடிவத்தில் வருகிற மாற்றுப் பிளாஸ்டிக்கை மாட்டுவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. தவறு நடக்கிற இடம் வேறு.

கடையில் வாங்குகிற பம்பர் என்பது பெரும்பாலும் தோல் மட்டும். நுரைக்கட்டை தனி பார்ட், பீம் தனி பார்ட், கிராஷ் பாக்ஸ் சில வண்டிகளில் பீமோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் தனி. பழைய நுரை இரண்டாக உடைந்திருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் தோலை மாட்டி அனுப்பினால் வெளியே யாருக்கும் தெரியாது. பம்பரைத் தட்டினால் டொக்கென்று கேட்கிறதா என்பதெல்லாம் சோதனையாகாது. மாட்டுவதற்கு முன்பே உள்ளே பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதுதான் வழி. உங்கள் மாடலில் அப்சார்பர் உண்டா இல்லையா என்பதை உதிரிபாகக் கடையில் வண்டியின் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டால் பார்ட் நம்பரோடு சொல்லிவிடுவார்கள். சில வண்டிகளில் கம்பெனியே போடுவதில்லை, அதற்காகப் பட்டறைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

பீம் வளைந்திருந்தாலோ கிராஷ் பாக்ஸ் ஒரு மடிப்பு மடிந்திருந்தாலோ டிங்கரிங் செய்து நிமிர்த்தி மாட்டுவது இங்கே ரொம்ப சகஜம். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பல வண்டிகளில் இவை உயர்வலிமை இரும்பு, கேஸ் வைத்துச் சூடுகாட்டினால் அந்த வலிமை போய்விடும். ஒருமுறை மடிந்த பெட்டியை இழுத்து நேராக்கினால் வெளியே நேராகத் தெரியும், அடுத்த மோதலில் அது முதல் தடவை மடிந்த மாதிரி மடியாது. பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் தோலில் பிடியுங்கள். மலிவான பிளாஸ்டிக்கும் ஒரிஜினல் பீமும் நல்ல கூட்டணி. ஒரிஜினல் பிளாஸ்டிக்கும் நிமிர்த்திய பீமும் மோசமான கூட்டணி.

பாடி கிட் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வேறு வண்டி மாதிரி முகத்தை மாற்றும் கிட்டுகள் பல ஃபைபரில் வருகின்றன, வடிவம் உள்ளே தள்ளியிருக்கும். பீமில் இடித்துக்கொள்கிறது என்று நுரையை அறுப்பார்கள், சில சமயம் பீமின் ஓரத்தையே கட்டர் வைத்து எடுப்பார்கள். கிட் உட்காரவில்லை, உள்ளே கொஞ்சம் வெட்ட வேண்டும் என்று போன் வந்தால் அந்த கிட் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி. பழைய மாடலுக்கு ஃபேஸ்லிஃப்ட் (அதே பெயரில் முகம் மாற்றி வந்த புது மாடல்) பம்பர் மாட்டும்போதும் இதே கதை வரும், பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பீமின் உயரமும் சென்சார் இடமும் மாறியிருக்கலாம்.

சென்சார்களைப் பற்றிக் கொஞ்சம். முன்பக்க ஏர்பேக் சென்சார் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, பலவற்றில் திசை காட்ட ஒரு அம்புக்குறி இருக்கும். அது திரும்பி மாட்டப்பட்டாலோ லூசாக இருந்தாலோ மோதலைத் தப்பாகப் படிக்கும். அந்தப் பக்கம் வேலை செய்யுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் விட வேண்டும், சென்சார் இருக்கிற சட்டத்தில் ஹார்ன் பிராக்கெட் மாட்டுவதற்கென்று புதிதாக ஓட்டை போடக் கூடாது. வேலை முடிந்து சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும், அணையாமல் நின்றாலும் ஆரம்பத்திலிருந்தே எரியாவிட்டாலும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதிகள்) உள்ள வண்டி என்றால் கிரில் அல்லது பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும், கண்ணாடியில் தெரியாத பக்கத்தைக் கவனிக்கும் பிளைண்ட் ஸ்பாட் வசதி இருந்தால் பின் பம்பரின் இரண்டு மூலையிலும் இருக்கும். ரேடார் பிளாஸ்டிக்கை ஊடுருவிப் பார்க்கும், ஆனால் பெயின்டுக்கு முன் கனமாகப் பூசுகிற பட்டியையும் அடுக்கடுக்கான மெட்டாலிக் பெயின்டையும் ஸ்டிக்கரையும் அப்படிப் பார்க்காது. ரேடாருக்கு நேராக இருக்கும் இடத்தில் ஒட்டுப்போட்ட பம்பரை மாட்டாதீர்கள். மாற்றியபின் காலிப்ரேஷன் (ரேடார் சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்வது) செய்ய வேண்டும், இதை வெளிப் பட்டறையில் செய்யாமல் கம்பெனி சர்வீசில் செய்துகொள்வது நல்லது. கார்டு மாட்டினால் ரேடாருக்கு நேர் எதிரே ஒரு இரும்பு நிற்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஏற்கனவே கார்டு மாட்டிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கலாம், அல்லது டெலிவரியின்போதே யாராவது தலையில் கட்டியிருக்கலாம். கழற்றுவது அரைமணி நேர வேலை. கழற்றியதும் பிராக்கெட் இருந்த இடத்தைப் பாருங்கள்: புதிதாகத் துளை போட்டிருக்கிறார்களா, துளையைச் சுற்றித் துரு இருக்கிறதா, கிராஷ் பாக்ஸை சேசிஸ் காலோடு பிடித்திருக்கும் போல்ட்டையே கழற்றி பிராக்கெட்டை நடுவில் செருகியிருந்தார்களா. கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி நடக்கிறது. அப்படியென்றால் அந்த போல்ட்டுகளைச் சரியான அளவில், கம்பெனி சொன்ன இறுக்கத்தில் திரும்பப் போட வேண்டும். பீம் வெட்டப்பட்டிருந்தால் புது பீம் வாங்கிப் போட்டுவிட்டு, பழையதை எடைக்குப் போடுங்கள்.